மூன்று வயது மகன் என்னிடம் வர மறுக்கிறான்: வெளிநாட்டிலிருந்து திரும்பிய அப்பாக்கள் வழி சொல்லுங்கள்

கடலாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் எனக்கு. கத்தாரில் ஆறு வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தேன். விசாவை கேன்சல் செய்துவிட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இனிமேல் போவதாக இல்லை. ஊரிலேயே மோட்டார் காயில் கட்டும் கடை போட்டிருக்கிறேன்.

மகனுக்கு மூன்று வயது. அவன் பிறந்தபோது நான் அங்கே இருந்தேன். நாலாவது மாதத்தில் வந்து 30 நாள் இருந்தேன். அப்புறம் ஒன்றே முக்கால் வயதில் 40 நாள். மற்றதெல்லாம் வீடியோ காலில்தான். தினமும் ராத்திரி எட்டரைக்குப் பேசுவோம். போனில் முத்தம் கொடுப்பான், டாட்டா காட்டுவான். நான் அவனை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தூக்கப் போனால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுகிறான். என் ஆத்தாவின் சேலைக்குள் ஒளிகிறான். ராத்திரி நான் பாயில் படுத்தால், "உங்க வீட்டுக்குப் போ" என்கிறான். சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். ரயில் பாலம் காட்டினேன். அன்றைக்கு முழுக்க அவன் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

அடிக்கும் ஆள் இல்லை நான், குரலைக்கூட உயர்த்தியதில்லை. என்ன செய்தால் வருவான்? இதே மாதிரி இருந்து திரும்பியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வார்டு 4 எழுதியது:

தம்பி, அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் பையன் உங்களை வெறுக்கவில்லை. எட்டு மாதம் ஆனாலே புது முகம் பார்த்து அழ ஆரம்பித்துவிடும் குழந்தை. அவனுக்கு நீங்கள் புது ஆள், அவ்வளவுதான். திரையில் தெரியும் முகத்துக்கு வாசனை கிடையாது, சூடு கிடையாது.

ஒரு கேள்வி கேட்கிறேன். சைக்கிள், ராமேஸ்வரம் எல்லாம் சரி. அவனுடைய ஒரு சாதாரண நாளில் உங்கள் கை எங்கே படுகிறது? யார் பல் தேய்த்துவிடுகிறார்கள்? யார் கால் கழுவிவிடுகிறார்கள்? ராத்திரி ஒண்ணுக்கு வந்தால் யாரை எழுப்புகிறான்?

எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். எடை குறைந்து, மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளைத் தோலோடு தோல் படும்படி நெஞ்சில் போட்டுக் கட்டிக்கொள்ளச் சொல்வோம். கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த டாக்டர்கள் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. முதல் ஆள் அம்மாதான். அம்மாவால் முடியாத நேரத்தில் அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம்.

ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் வலிப்பு வந்து ஐசியூவில் இருந்தாள். குழந்தை 1,400 கிராம். அப்பா கொத்தனார். "சிமெண்ட் பட்டு சொரசொரன்னு இருக்கும்மா என் கை, பிள்ளைக்குக் கீறிடும்" என்று கிட்டவே வரவில்லை. சட்டைப் பித்தானைக் கழற்றச் சொல்லி, குழந்தையை நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டிவிட்டேன். முதல் நாள் மூச்சுவிடக்கூடப் பயந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆறாவது நாள், நான் பாலாடையை எடுக்குமுன்பே, "சிஸ்டர், இவளுக்குப் பசிக்குது, மூச்சு மாறுது பாருங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஆறு நாளில் அவருக்கு வந்த அந்த அறிவு எனக்கு வரவில்லை. ஏனென்றால் எனக்கு 18 குழந்தைகள், அவருக்கு ஒன்று.

விளையாட்டுச் சாமானை ஒதுக்கி வையுங்கள் தம்பி. ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று, ஆனால் தினமும்.

கொங்குத் தறி எழுதியது:

நண்பர் கடலாடிக்கு: உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள். ஆறு வருடம் அந்த வெயிலில் நின்று அனுப்பிய பணத்தில்தான் அந்தப் பையன் பால் குடித்தான். அதுவும் பாசம்தான். என் அப்பா பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டினார், ராத்திரி ஷிப்ட். நான் பள்ளிக்கூடம் போகும்போது தூங்குவார், நான் வரும்போது வேலைக்குக் கிளம்புவார். என்னைத் தூக்கிக் கொஞ்சியதாக ஒரு நினைவுகூட இல்லை. நாங்கள் மூன்று பேரும் படித்து நன்றாகத்தான் இருக்கிறோம். எல்லா அப்பாவும் குளிப்பாட்டிவிட்டால்தான் அப்பா என்றால், அந்தக் காலத்து அப்பாக்கள் யாருமே அப்பா இல்லையா?

வாப்பாவின் மகள் எழுதியது:

கொங்குத் தறி அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் பிள்ளையாக இருந்தவள் ஒருத்தி பேசுகிறேன்.

எங்கள் ஊர் கீழக்கரைப் பக்கம். என் வாப்பா 1986இல் சவூதி போனார், 2009இல் திரும்பினார். அப்போது வீடியோ கால் ஏது? கேசட்டில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புவார். கூடத்தில் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். உம்மாவுக்கு, வாப்புச்சாவுக்கு, மாமிக்கு என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கடைசியில் எங்களுக்கு. "நல்லாப் படிக்கணும், உம்மா சொல்றதைக் கேட்கணும்." இருபத்து மூன்று வருடமும் இந்த இரண்டு வரிதான். அவரைக் குறை சொல்லவில்லை. எங்களைப் பற்றி வேறு என்ன தெரியும் அவருக்கு? எனக்குக் கணக்கு வராது என்றோ, தம்பி இருட்டுக்குப் பயப்படுவான் என்றோ தெரிந்திருந்தால் அதைப் பேசியிருப்பார்.

அவர் ஊரோடு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு மகள். வீட்டில் அவர் எங்கே உட்காருவது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் எல்லோரும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவோம். பயம் இல்லை, மரியாதைதான். ஆனால் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

கடலாடி அண்ணன் மூன்று வயதில் வந்துவிட்டீர்கள். எனக்கு இது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை.

வடதுருவத் தமிழன் எழுதியது:

ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமில் 11 வருடமாக இருக்கிறேன். இங்கே ஒரு குழந்தைக்கு அம்மா அப்பா இருவருக்கும் சேர்த்து 480 நாள் விடுப்புப் படி. அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. அப்பா எடுக்காவிட்டால் அந்த 90 நாள் போயே போய்விடும்.

இது ஒரே நாளில் வந்த பழக்கம் இல்லை. 1974இலேயே அப்பாக்களும் எடுக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். சட்டம் வந்தும் எடுத்தவர்கள் மிகக் குறைவு. செம்பட்டைத் தலைமுடி, மலைபோன்ற உடம்பு கொண்ட ஒரு பளுதூக்கும் வீரர் கைக்குழந்தையை ஏந்தி நிற்பதுபோல் அரசாங்கமே விளம்பரம் போட்டது. அப்படியும் பெரிதாக அசையவில்லை. 1995இல் ஒரு மாதத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கிய பிறகுதான் மாற்றம் தெரிந்தது. 2002இல் அது இரண்டு மாதம், 2016இல் மூன்று. இப்போது மொத்த நாட்களில் அப்பாக்கள் எடுப்பது ஏறக்குறைய 30 சதவீதம். இங்கேயும் இன்னும் பாதிக்கு வரவில்லை.

நான் மகளுக்காக ஏழு மாதம் எடுத்தேன். முதல் மூன்று வாரம் பைத்தியம் பிடித்தது. மனைவி வேலைக்குப் போனதும் ஆரம்பிக்கும் அழுகை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவளுக்குப் போன் போட்டேன், "இது என்ன அழுகை? பசியா, வயிற்றுவலியா?" என்று. ஒரு நாள் அவள், "எனக்கும் பிறக்கும்போது தெரியாதுங்க, பார்த்துப் பார்த்துத்தான் தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

கோப்பும் குறிப்பும் எழுதியது:

நம் பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு, இரண்டுக்குக் குறைவான குழந்தைகள் இருந்தால். பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு தனியார் நிறுவனப் பெண்களுக்கு 26 வாரம் சட்டப்படி உண்டு. தமிழ்நாடு அரசில் பெண் ஊழியர்களுக்கு 2021இல் 9 மாதத்தை 12 மாதமாக்கினார்கள். தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டம் எதுவும் இல்லை, கம்பெனி பார்த்துக் கொடுத்தால் உண்டு.

2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர், மனைவியின் பிரசவத்துக்காக 90 நாள் விடுப்புக் கேட்டு, கிடைத்து, பிறகு ரத்தானது. அவர் பணிக்குத் திரும்பவில்லை என்று பணியை விட்டு ஓடியவராக அறிவித்தார்கள். நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. அப்பாக்களின் விடுப்புக்கு இந்தியாவில் தனிச் சட்டம் தேவை என்றும் சொன்னது.

வேலைக்காக ஓடும் அப்பாவைப் பார்த்து "நீ ஏன் குழந்தையோடு இல்லை" என்று கேட்பதற்கு முன்னால் இதையும் யோசிக்க வேண்டும். கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய சம்பளம் இல்லை.

கடலாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வார்டு 4 அக்கா சொன்னபடி குளிப்பாட்டும் வேலையை எடுத்தேன். ஐந்து நாள் ஆகிறது. சரிவரவில்லை.

நான் சொம்பைத் தொட்டதும் கத்துகிறான். அவன் கத்தின அடுத்த நிமிடம் ஆத்தா வந்துவிடும். "விடுடா, உனக்கு ஏன் இந்த வேலை, ஆம்பளப் புள்ளைக்கு" என்று வாங்கிக்கொள்ளும். என் மனைவியும், "அவனுக்குக் கண்ணில் தண்ணி போனா ஆகாது, நீங்க தலையில ஊத்துறீங்க" என்கிறாள். அவர்கள் சொல்வது சரிதான், எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னை விட்டால்தானே தெரியும்?

முல்லைக்கொடி எழுதியது:

அண்ணா, இந்த இடத்தில் பெண்கள் நாங்கள் செய்கிற தப்பை நானே சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்தேன்.

என் கணவர் முதல் தடவை மகளுக்கு நாப்பி மாற்றியபோது முன்பக்கம் பின்பக்கமாகக் கட்டினார். நான் சிரித்தேன், பிடுங்கி நானே கட்டினேன். சோறு ஊட்டினால் உருண்டை பெரிது என்றேன். தலை சீவினால் கோணல் என்றேன். ஆறு மாதத்தில் அவர் எதையும் தொடுவதில்லை. பிறகு, "இவர் ஒன்றுமே செய்வதில்லை" என்று என் அம்மாவிடம் அழுதேன். நாலு வருடம் கழித்துத்தான் இரண்டுக்கும் உள்ள தொடர்பு எனக்குப் புரிந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் எனக்கு என்று இருந்த ஒரே அதிகாரம் அதுதான். குழந்தைக்கு என்ன வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது. உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். மூன்று வருடம் ராத்திரி பகலாகப் பார்த்த பிள்ளை. நீங்கள் சொம்பை எடுக்கும்போது, "இனி நீ வேண்டாம்" என்று அவர்கள் காதில் விழுகிறது. அவர்களிடமே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். "நீ எப்படி ஊத்துவ, காட்டு" என்று கேளுங்கள். ஒரு வாரம் பக்கத்தில் நின்று தண்ணீர் விளாவிக் கொடுங்கள். அடுத்த வாரம் நீங்கள் ஊற்றுங்கள், அவர்கள் நிற்கட்டும். அதற்கடுத்த வாரம் இரண்டு பேரையும் கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள்.

உயிரியல் வாத்தியார் எழுதியது:

"ஆம்பளப் புள்ளைக்கு ஏன்" என்பதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. அம்மாவுக்கு உடம்பிலேயே இருக்கிறது, அப்பாவுக்கு அப்படி இல்லை என்று நாம் நினைக்கிறோம். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் 624 இளைஞர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்து 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, குழந்தையைக் கவனிக்காத அப்பாக்களைவிட அது குறைவாக இருந்தது. இதை ஆண்மைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குத் தகுந்த மாதிரி ஆணின் உடம்பும் மாறுகிறது என்று பொருள்.

மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் அக்கா என்ற இனத்தில், நாளில் பாதிக்குக் கிட்டத்தட்ட நேரம் அப்பாக்கள் கைக்குழந்தையைக் கையிலோ கைக்கெட்டும் தூரத்திலோ வைத்திருக்கிறார்கள். வலை வைத்து வேட்டையாடும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போவார்கள், குழந்தையும் கூடவே போகும். அப்பாவையும் குழந்தையையும் பிரித்து வைக்காததால் அந்த நெருக்கம் தானாக வந்தது.

மருதாணி எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனசு கனக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் அப்பா குடித்துவிட்டு என்னை அடித்தவர், நான் வெளியே வந்து ஆறு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும், "அப்பா இல்லாத பையன், அதான்" என்கிறார்கள். அப்பா கூடவே இருந்தால் பிள்ளை நன்றாக வரும் என்று நீங்கள் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அந்தச் சொல்தான் எனக்குக் கேட்கிறது. அவன் அப்பா இருந்த மூன்று வருடத்தில், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் என் மகன் கட்டிலுக்கு அடியில் போவான். இப்போது வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுகிறான், தாத்தா வருகிறார் என்று.

வார்டு 4 எழுதியது:

மருதாணி, நீங்கள் எழுதியது நல்லது. நாங்கள் யாரும் யோசிக்காமல் விட்ட பக்கம் இது. நான் பேசுவது குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் கையைப் பற்றி. பயமுறுத்தும் கை பக்கத்தில் இருந்து ஒரு பயனும் இல்லை. அது விலகியதுதான் உங்கள் மகனுக்குக் கிடைத்த வளர்ப்பு. தாத்தாவின் வண்டிச் சத்தத்துக்கு ஜன்னலுக்கு ஓடுகிறான் என்றால், அவனுக்கு என்ன குறை? பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்பவர்களிடம் ஒரு நாள் தாத்தாவையே அனுப்புங்கள்.

லோடு லைன் எழுதியது:

நாமக்கல்லிலிருந்து. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், குஜராத் லைன் போனால் இருபது நாள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நகம் வெட்டுவது அவர்தான். நான் வெட்டுவதே இல்லை, வளர்ந்து கிடந்தாலும் டீச்சர் திட்டினாலும். "அப்பா வந்து வெட்டுவாரு" என்று டீச்சரிடமே சொல்லிவிட்டார்கள். வந்த அன்றைக்கு வாசலில் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். குளிப்பாட்ட முடியாதவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று.

கொங்குத் தறி எழுதியது:

முதலில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் அப்பாவுக்காகத்தான் வாதாடினேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

போன வருடம் அவர் போய்ச்சேர்ந்தார். கடைசி ஐந்து வாரம் படுக்கையில் இருந்தார், நான்தான் உடம்பு துடைத்துவிட்டேன். முதல் நாள் தண்ணீரை எடுத்துக்கொண்டு நின்றேன். சூடாக வேண்டுமா, வெதுவெதுப்பாகவா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்கவும் கூச்சம். 44 வயது எனக்கு. அதுவரைக்கும் அவர் முதுகை நான் தொட்டதே இல்லை. முதுகில் ஒரு நீளமான தழும்பு இருந்தது. எதில் பட்டது என்று கேட்டேன். "நீ ரெண்டு வயசா இருக்கறப்ப தறிக்குப் பக்கத்துல வந்துட்டே, உன்னை இழுக்கறப்ப பட்டது" என்றார். நாற்பது வருடமாக அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கடலாடி, குளிப்பாட்டுங்கள். விட்டுவிடாதீர்கள்.

கடலாடி எழுதியது:

ஐந்து வாரம் ஆயிற்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முல்லைக்கொடி சொன்ன வழியில் போனேன். ஆத்தாவிடம், "எனக்கு எப்படி ஊத்துன, அதைக் காட்டு" என்று கேட்டதும் அதன் முகமே மாறிவிட்டது. நெற்றியில் கையை அணை மாதிரி வைத்து, பின்பக்கமாகத் தண்ணீர் வழியவிட வேண்டும். தண்ணீரை முதலில் கால், அப்புறம் முதுகு, கடைசியில் தலை. மூன்றாவது வாரம் அழுகை குறைந்தது. நாலாவது வாரத்தில் எனக்கு அவன் ஊற்ற ஆரம்பித்தான். கடையைப் பத்து மணிக்குத்தான் திறக்கிறேன். குளிப்பாட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போகிறேன். வழியில் ஒவ்வொரு ஆட்டுக்கும் நின்று பேச வேண்டும், அதனால் ஐந்து நிமிட நடை அரை மணி நேரம் ஆகிறது.

போன வாரம் ஒரு நாள் காயில் கம்பி வாங்க மதுரைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். நாலு மணிக்குத் திரும்பினால், அவன் குளிக்காமல் அழுக்குச் சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். காலையில் ஆத்தா கூப்பிட்டதற்கு, "நீ ஊத்தாத, அப்பா ஊத்தும்" என்றானாம். அங்கன்வாடிக்கும் போகவில்லை. முட்டை போடும் நாளாம், அதையும் விட்டுவிட்டு இருந்திருக்கிறான்.

ராத்திரி இன்னும் அம்மாவிடம்தான் படுக்கிறான். அது பரவாயில்லை.

மஸ்கட் மாறன் எழுதியது:

புது உறுப்பினர். லீவில் வந்திருக்கிறேன், இன்னும் 11 நாளில் கிளம்ப வேண்டும். பெண் குழந்தை, ஏழு மாதம். கடன் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடமாவது போயே ஆக வேண்டும். பதினோரு நாளில் என்ன செய்ய முடியும்?

வார்டு 4 எழுதியது:

தம்பி, 11 நாளும் நீங்களே குளிப்பாட்டுங்கள், நீங்களே தூங்கவையுங்கள். தூங்கவைக்கும்போது ஒரே பாட்டைப் பாடுங்கள், எதுவாக இருந்தாலும் சரி. அங்கே போனதும் போன் பேசும் நேரத்தைக் குழந்தை தூங்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டு, அதே பாட்டைப் பாடுங்கள். "அப்பாவுக்கு டாட்டா சொல்லு" என்று யாரும் குழந்தையை வற்புறுத்த வேண்டாம். மனைவியிடம் தினமும் ஒரு புது விஷயம் கேளுங்கள். இன்றைக்கு எதைப் பிடித்து நின்றாள், எதைத் துப்பினாள் என்று. அடுத்த லீவில் வரும்போது விமான நிலையத்திலேயே தூக்கப் பாயாதீர்கள். ஒரு நாள் அவளே பார்க்கட்டும்.

கடலாடி எழுதியது:

மாறன், நெற்றியில் கையை அணை மாதிரி வையுங்கள். ஏழு மாதம் என்றால் காலை நீட்டி உட்கார்ந்து, காலில் போட்டுத்தான் ஊற்ற வேண்டும். உங்கள் அம்மாவைக் கேளுங்கள், காட்டித் தருவார்கள்.